கம்பத்தடிச் செம்பு

காரமட்டம் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் மூன்றாம் நம்பர் லைனில் ரேடியோப் பெட்டி இல்லாத வீடுகள்தான் அதிகம். ரேடியோ கேட்காத வீடு ஒன்றுகூடக் கிடையாது. லைனுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், மத்திய அலை வானொலி நிலையத்தின் கம்பம் நின்றது. ஆபீஸ்காரர்கள் அதை மாஸ்ட் என்பார்கள். பஸ் கண்டக்டர்கள் டவர் ஸ்டாப் என்று குரல் கொடுப்பார்கள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுப் பழகிய சனங்களுக்கு அது கம்பம்தான். மேகம் இறங்கிவிட்டால் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அந்நேரத்தில் அண்ணாந்து பார்த்தால், அது எங்கே போய் முடிகிறது என்று நினைக்கவே நெஞ்சு ஒரு தரம் நின்று அடிக்கும்.

அதற்கு அவ்வளவு கிட்டத்தில் குடியிருந்ததால் லைன் வீடுகளின் கூரைத் தகரம் பேசியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். துருப்பிடித்த ஆணி தகரத்தைத் தொடும் இடத்தில் காதை வைத்தால் செய்தி கேட்கும், மழை விட்ட சாயங்காலங்களில் காதை வைக்காமலே கேட்கும். எந்தத் தகரம் எதை நன்றாகச் சொல்லும் என்பதில் லைனுக்குள் பெரிய வழக்கே உண்டு. வேலாமணி வீட்டுத் தகரம் பெண்குரலைத் துல்லியமாகக் கொடுக்கும், நாயனம் வந்தால் கரகரக்கும். அங்கம்மா வீட்டுத் தகரத்துக்குப் பாட்டுதான் பிடிக்கும். பூசாரி காத்தமுத்து வீட்டுத் தகரம் மாநிலச் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு அடங்கிவிடும் என்றும், அவரைப் போலவே அதற்கும் ரசனை கிடையாது என்றும் பெண்கள் கேலி பேசுவார்கள்.

அங்கம்மா காரமடைப் பக்கத்திலிருந்து மாரிச்சாமியைக் கட்டிக்கொண்டு மலையேறிய புதிதில் இந்த நிலையத்துக்குச் சொந்த வாய் கிடையாது. திருச்சியில் பேசுவதை வாங்கி இங்கே விடுவதோடு சரி. காரமட்டத்தில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். தகரமோ காவிரிக் கரையில் வெயில் கொளுத்துவதாகச் சொல்லும். புதுப்பெண் அங்கம்மா அடுப்பங்கரையில் குளிர்காய்ந்தபடி அதைக் கேட்டுத் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

அப்புறம் சொந்தமாக அரைமணி நேரம் கொடுத்தார்கள். முதல் நாள் வந்தது வேளாண்மைச் சேதி. நாளை விடியற்காலை பிக்கட்டிப் பக்கம் பனி விழும், கிழங்குச் செடிக்கு மூடாக்குப் போடுங்கள் என்றது ஒரு குரல். பிக்கட்டி என்ற பேரை வானத்திலிருந்து கேட்ட பிக்கட்டிக்காரர்கள் மூடாக்குப் போட மறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பிறகு செவ்வாய்க்கிழமைகளில் படுகப் பாட்டு வந்தது. மாதர் நேரம் வந்தது. நேயர் விருப்பம் வந்தபோது லைனே பித்துப் பிடித்து அலைந்தது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பேர் கொடுக்க மஸ்டருக்குப் போகிற வழியில், நேற்று யார் பேரை வாசித்தார்கள் என்பதுதான் பேச்சு. பிறகு விளம்பரங்கள் வந்தன. சோப்பு வாங்கச் சொல்லிக் கூரையே கெஞ்சியதில் வேலாமணி இரண்டு மாதம் வேறு சோப்பைத் தொடவில்லை.

அப்படியிருக்கையில் தேயிலைக்கு விலை விழுந்தது. ஏதோ தூக்கத்தில் புரண்டு விழுந்ததைப் போல விழுந்தது, எழுந்திருக்கவே இல்லை. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. முதலில் காரமட்டம் ஃபேக்டரியின் சங்கு நின்றது. கொழுந்து பறிக்க ஆளில்லாமல் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பூத்து, காய்த்துக் கிடந்தன. கிளார்க்குகள் ஆபீசைப் பூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். லைனுக்கு வரும் கரண்டையும் நிறுத்தினார்கள். பாதிப் பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி தேடிப் போய்விட, மிச்சமிருந்தவர்களுக்குப் பேட்டரி வாங்கவும் கதியில்லை.

அந்த நேரத்தில்தான் நிலையத்தின் பேச்சும் மாறியது. கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த அறிவிப்பாளர் ராஜகுமாரி, சாயங்காலம் பசுந்தேயிலை விலையை வாசித்து முடித்ததும் ஒரு பெருமூச்சுக்கு இடம்விட்டு, வேலைச் சேதி சொல்ல ஆரம்பித்தார். எமரால்டில் கேரட் பிடுங்க ஆள் வேண்டும், பிக்கட்டியில் பூண்டு உரிக்க ஆள் வேண்டும், கூடலூர்ப் பக்கம் மிளகு பறிக்க ஆள் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் நிலையத்துக்குப் போன் செய்து சொல்வார்கள். அவர் அதை ஊர்பேரோடு வாசிப்பார். விடிந்ததும் சனங்கள் அந்தந்தத் திக்கில் நடப்பார்கள். மாவட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், சேரங்கோடு வரைக்கும், வேலையில்லாத லைன்களில் அடுப்பு எரிவது அந்தக் கால்மணி நேரத்தைப் பொறுத்திருந்தது. சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் அந்த வருஷங்களில் கூரை சொல்லித்தான் அவர்கள் சோறு தின்றார்கள்.

மாரிச்சாமிக்கு நிலையத்தில் வாட்சர் வேலை. லைனில் மாதம் தவறாமல் சம்பளம் பார்த்த ஒரே ஆள் அவன்தான். அதனால் அங்கம்மாவுக்குக் கொஞ்சம் கூச்சமும் கொஞ்சம் பொறுப்பும் இருந்தன. தன் வீட்டில் களி கிண்டும்போது கூடுதலாக ஒரு உருண்டைக்கு மாவு போட்டுத்தான் கிண்டுவாள்.

தை மாதம் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். கம்பத்தைச் சுற்றி வேலிக்குள் பெரிய நிலம் புல் மண்டிக் கிடக்கிறது, கிழங்கு போட்டால் என்ன? அப்போதிருந்த எஞ்சினியர் ஓய்வுபெறும் அவசரத்தில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். கம்பத்துக்குக் கிட்டே போகாமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு லாரி ஏறினார். பெண்கள் களைக்கொத்தோடு இறங்கினார்கள். ஒரு முழம் ஆழத்தில் அங்கம்மாவின் கொத்தில் ஏதோ மாட்டியது. இழுத்தாள். பச்சை பூத்த கம்பி, மண்ணைப் பிளந்துகொண்டு, தையல் பிரிகிற மாதிரி வந்தது. கல்லில் தேய்த்துப் பார்த்தால் செம்பு.

வேறெந்த ஊர்ச் சனமாக இருந்தாலும் அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டு அரிசி வாங்கியிருக்கும். இவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வருஷம் சித்திரை நோம்பிக்கு மாரியம்மனுக்குக் கரகச் செம்பு இல்லை. எஸ்டேட் கொடுத்த பழைய செம்பு பூட்டிய ஆபீசுக்குள் மாட்டிக்கொண்டது. குடியிருக்கிற கூரை பேசுகிறது, பேசுகிற கம்பத்தின் அடியில் செம்பு விளைந்திருக்கிறது. இதைக் கொடுத்தது யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. காத்தமுத்து கம்பியைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மத்தியான ஒலிபரப்பு ஓய்வில் பெண்கள் கம்பி கம்பியாக உருவினார்கள். எல்லாக் கம்பியும் போய்ச் சேர்ந்திருந்த அகலச் செம்புப் பட்டையையும் பெயர்த்தார்கள். அத்தனையையும் மேட்டுப்பாளையத்தில் பாத்திரம் அடிப்பவரிடம் கொடுத்து உருக்கி, ஒரு நல்ல கரகச் செம்பாக அடித்து வாங்கி வந்தார் காத்தமுத்து. வயிறு புடைத்து, கழுத்து ஒடுங்கி, வெயில் பட்டால் கண் கூசும். கோயிலில் வைத்த அன்று அங்கம்மா அழுதாள்.

கிழங்கு முளைத்தது. கூரை மெல்ல மெல்ல ஊமையானது.

பங்குனி வெயிலில் ஒருநாள் வேலாமணி ஏணி போட்டுக் கூரைமேல் ஏறி, தகரத்தைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்குடி அதப் போட்டு அடிக்கற?" என்றாள் அங்கம்மா.

"உங்கூட்டுது ஏதாச்சும் பேசுதாங்க்கா? எங்கூட்டுது வாயத் தொறக்கவே மாட்டீங்குது."

"நேத்து முனகுச்சு. என்ன சொல்லுச்சுன்னு ஒண்ணும் புடிபடல."

"எமரால்டுல நேத்து கேரட்டு புடுங்கறதுக்கு அத்தன ஆளு கேட்டிருக்கறாங்க. நம்ம லைன்ல ஒரு சீவனுக்குத் தெரியல. கீழ்நாட்டுலருந்து வேன்ல ஆள் கூட்டியாந்துட்டாங்களாமா." வேலாமணி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னைக்கு அடுப்புப் பத்த வெக்கலீங்க்கா."

அங்கம்மா உள்ளே போய், மூடி வைத்திருந்த களியையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் எடுத்துக்கொடுத்தாள். மாரிச்சாமிக்கான பங்கைத் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு நடந்தாள்.

நிலையத்துக்கு மாசி மாதம்தான் நவநீதன் என்ற புது எஞ்சினியர் வந்திருந்தார். கோயமுத்தூர்க்காரர், சின்ன வயசு, யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கண்ணெல்லாம் சிவந்துபோயிருந்தார். அன்று அவர் கம்பத்தடியில் குழி தோண்டி, கையில் மண்ணோடு உட்கார்ந்திருந்தார். எதிரில் ராஜகுமாரி முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். அங்கம்மா போசியை வைத்துவிட்டு வேலியோரம் ஒதுங்கினாள்.

"சித்திரை பொறந்ததும் மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆபீசருங்க வர்றாங்களாமுங்க சார்," என்றார் ராஜகுமாரி. "வண்டில ரேடியோவ வெச்சுட்டு சேரங்கோடு வரைக்கும் போவாங்களாம். அங்க கேக்கலீன்னா நம்ம நிகழ்ச்சிய நிறுத்திப்போட்டு, மறுபடி வெளியூர் ஒலிபரப்ப வாங்கி விடறதோட சரின்னு முடிவாம். வேலைச் சேதியெல்லாம் இனி கெடையாது."

"சேரங்கோடு எங்கீங்க. இப்ப எமரால்டுக்கே போய்ச் சேரல." நவநீதன் மண்ணை உதறினார். "தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சுங்க மேடம். இந்தக் கம்பம் பாதிதான். மீதிப் பாதி மண்ணுக்குள்ள இருக்கோணும். மேல எவ்வளவு ஒசரமோ, அவ்வளவு நீளத்துக்குச் சுத்தியும் செம்புக் கம்பி பொதைச்சிருப்பாங்க. மரத்துக்கு வேர் மாதிரி. அதுல கால ஊனித்தான் உங்க கொரல் மலை தாண்டிப் போகும். தோண்டிப் பாத்தா ஒரு கம்பியக் காணோம். புதுசு வாங்கறதுக்கு மாசக்கணக்காகும்."

அங்கம்மா கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷமாக மேலே போவதையே பார்த்துப் பிரமித்திருக்கிறாள். அதே அளவு கீழேயும் ஒன்று இருந்தது, அதன்மேல் அவள் நடந்திருக்கிறாள், குந்தியிருக்கிறாள், கிழங்கு நட்டிருக்கிறாள். தன் கையில் தையல் பிரிந்த மாதிரி வந்தது எது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. பயத்தைவிட முன்னால் வந்தது ஒரு மலைப்பு. இவ்வளவு பெரிய காரியத்தை மண்ணுக்குள் ஒளித்துவைத்தவர்கள் எப்பேர்ப்பட்ட மனுசர்கள் என்று நினைத்தாள். பயம் வீட்டுக்குப் போகிற வழியில் வந்து சேர்ந்துகொண்டது.

மாரிச்சாமி சாயங்காலம் வந்தபோது அவள் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதென்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கற?"

"ஏனுங்க, தை மாசம் கம்பி எடுத்தமுல்ல."

"ஆமா. ஆத்தாளுக்கு."

"அதுதானுங்க கம்பத்தோட வேரு. சாரு சொன்னத இந்தக் காதுல கேட்டனுங்க. நாம புடுங்கினதுலதான் கொரல் நின்னுபோச்சு."

மாரிச்சாமி சட்டையைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றான்.

"மேல பாத்துக்கன்னுதான புள்ள எங்கிட்டச் சொன்னாங்க. உச்சில செவப்பு லைட்டு எரியுதான்னு பாரு, கம்பத்த இழுத்துக் கட்டியிருக்கற கம்பில கொரங்கு ஏறுதான்னு பாருன்னாங்க. இருவது வருசமா அண்ணாந்து பாத்துப் பாத்து என்ற கழுத்தே கோணிப்போச்சு. கீழ பாருன்னு ஒருத்தரும் சொல்லல."

"நாஞ் சொல்லிப்போடறனுங்க அவருகிட்ட."

"சொன்னா என்ற வேலை போயிரும். வாட்சர் ஊட்டுக்காரியே கம்பியப் புடுங்கீட்டான்னு ஆகிப்போகும். போலீசுகூட வருவாங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி அவரே வேற கம்பி வாங்கிப் போட்டுக்குவாரு."

"வாங்கறதுக்கு மாசக்கணக்காகுமாமுங்க. மெட்ராசுக்காரங்க சித்திரைல வர்றாங்க." அங்கம்மா எழுந்தாள். "வேலாமணி ஊட்டுல இன்னைக்கு அடுப்பெரியல. நம்ம ஊட்டு ஒருத்தரு சம்பளத்துக்காக லைனு லைனா அடுப்ப அணைக்கறதாங்க? அந்தச் சோறு எனக்கு எறங்காதுங்க."

மாரிச்சாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் காலையில் அவள் கிளம்பியபோது அவனும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தான்.

அவள் நடந்ததையெல்லாம் நவநீதனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். முடிந்ததும் கேட்டார்.

"கரகச் செம்பாவாங்க அடிச்சுட்டீங்க? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுமுங்க. பட்டையக்கூட."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தப்பாகிவிடுமோ என்று அடக்கினார். பிறகு அடக்கமுடியாமல் அவர் சிரிக்க, ராஜகுமாரியும் சிரிக்க, மாரிச்சாமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மாரிச்சாமி, உங்ககிட்ட கீழ பாக்கச் சொல்லாதது எங்க ஆளுங்க தப்புதாங்க. அத விடுங்க," என்றார் நவநீதன். "கம்பிக்கு இரும்பு இருந்தாலும் சமாளிச்சுக்கலாம். ஆனா நடுவுல எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்கறதுக்குக் கனமான செம்பு வேணும். அதுக்கு நான் எங்க போவேன்?"

அங்கம்மாதான் கேட்டாள். "சார், அந்தச் செம்பையே வெச்சா ஆகாதுங்களா?"

நவநீதன் சிரிப்பதை நிறுத்தினார். கையை விரித்து அளவு காட்டச் சொன்னார், எத்தனை கனம் என்று கேட்டார். "ஆகும்," என்றார் கடைசியில். "ஆனா சாமி செம்ப எப்பிடிங்க கேக்கறது?"

கேட்பதற்கு வழி இருந்தது. பூக் கேட்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரி இலைப்பொட்டலமாக மடித்து ஆத்தா காலடியில் போட்டு, மனதில் ஒன்றை நினைத்து ஒரு பொட்டலத்தை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. ஆனால் காத்தமுத்துவைச் சம்மதிக்க வைப்பது ஆத்தாவைச் சம்மதிக்க வைப்பதைவிடக் கடினமாக இருந்தது. ஃபேக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலர் ஓட்டிய மனிதர் அவர். ஓடினால் நிற்கத் தெரியாது, நின்றால் நகரத் தெரியாது.

"குடுத்தத வாங்கறதா? எந்தூர்ப் பழக்கம் இது? ஆத்தா கண்ணக் குத்தீருவா," என்றார்.

"அவகிட்டருந்து எடுத்தத்தானுங்க அவளுக்குக் குடுத்தோம்," என்றாள் அங்கம்மா. "கேட்டுப் பாக்கறதுல என்னங்க இருக்குது."

கோயில் இருந்த சில்வர் ஓக் மரத்தடியில் லைன் முழுக்கக் கூடியிருந்தது. நவநீதனும் ராஜகுமாரியும் பின்னால் நின்றார்கள். காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டு, செம்பை எடுத்துக்கொள்ளலாமா தாயே என்று வாய்விட்டுக் கேட்டுப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். சிவப்பு ரோஜா.

மேகம் கீழே இறங்கி மரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான் அப்போதே சொன்னேனே என்ற முகத்தோடு காத்தமுத்து திரும்பினார். வேலாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அங்கம்மா முன்னால் வந்தாள். அவளுக்கு ஆத்தாவிடம் கோபமே வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"கேட்டதே தப்புங்க," என்றாள். "எடுத்துக்கறதான்னு கேட்டா எந்தப் பொம்பள சரின்னு சொல்லுவா? அவ பாத்திரத்த யாரு எடுக்கறது? நீ எங்ககூட வந்து அந்தக் கம்பத்தடில இருப்பியா, எங்களுக்காகப் பேசுவியான்னு கேளுங்க. அதுக்கு மாட்டேன்னா நான் பேசாம கெழங்க வெட்டப் போயிர்றேன்."

காத்தமுத்து அவளையே பார்த்தார். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பொட்டலங்களைக் கலைத்துப் போட்டார். எங்ககூட வருவியா தாயே என்றுதான் கேட்டார். பிரித்தபோது உள்ளே வெள்ளைச் சாமந்தி. குலவை போட்டது யார் என்று தெரியாமல் எல்லாப் பெண்களும் போட்டார்கள்.

"அப்ப நோம்பிக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"மண்கொடத்துல எடுத்துக்கலாம்," என்றார் காத்தமுத்து, அது என்னமோ தன்னுடைய யோசனை மாதிரி.

இரும்புக் கம்பிக்கு ராஜகுமாரி வழி பண்ணினார். நிலையத்தின் குரல் முனகலாகவாவது எட்டுகிற வரையில் மைக்கில் கேட்டார், எட்டாத ஊருக்குப் போனில் கேட்டார். பிக்கட்டித் தோட்டக்காரர்கள் காட்டெருமை நுழையாமல் போடுவதற்கென்று வைத்திருந்த வேலிக் கம்பியைச் சுருள் சுருளாகப் பிக்அப் வேனில் ஏற்றி அனுப்பினார்கள். எமரால்டிலிருந்தும் வந்தது. அவர்களுக்கும் ஆள் வேண்டுமல்லவா, வேனில் வந்த ஆள் போதாமல் கேரட் மண்ணுக்குள்ளேயே வெடித்துக்கொண்டிருந்தது.

ஒலிபரப்பை நிறுத்தி வைத்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். நவநீதன் கயிறு பிடித்துத் திசை காட்டினார். பெண்கள் வரிசையாக நின்று கொத்தினார்கள். முளைத்து நின்ற கிழங்குச் செடிகள் குறுக்கே வந்தன. அங்கம்மாவே முதல் செடியைப் பிடுங்கி ஓரம் வைத்தாள். கோலி அளவுக்குத்தான் கிழங்கு பிடித்திருந்தது. அதையும் அள்ளி அங்கேயே வேகவைத்து, உப்பும் மிளகாயும் தொட்டு எல்லோரும் தின்றார்கள். ஆண்கள் கம்பியை விரிக்க, பெண்கள் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துக்கொண்டே போனார்கள். வேலிவரைக்கும் போனார்கள், வேலியைத் தாண்டி லைன் வாசல்வரைக்கும் போனார்கள். மேலேயிருந்து பார்த்திருந்தால் பெரிய சூரியனைத் தரையில் வரைந்த மாதிரி இருந்திருக்கும். மழை ஒரு தரம் வந்து நனைத்துவிட்டுப் போனது. ஒருவரும் கூரைக்கு ஓடவில்லை.

கடைசியில் செம்பு வந்தது. காத்தமுத்து தலையில் வைத்துக் கொண்டுவந்தார். கம்பத்தடிக் குழியில் அதை இறக்கினார்கள். கலசத்துக்கு நூல் சுற்றுவது எல்லோரும் பார்த்ததுதான். இங்கே திக்குத் திக்கிலிருந்து வந்த கம்பிகளை நவநீதன் ஒவ்வொன்றாக வாங்கி, செம்பின் கழுத்தில் சுற்றி, நெருப்பு வைத்து ஒட்டினார். கம்பி ஏற ஏற அது கம்பியாகத் தெரியவில்லை. பூசாரியும் எஞ்சினியரும் எதிரெதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரே செம்பைப் பிடித்திருந்தார்கள். கம்பத்திலிருந்து வந்த கடைசி இணைப்பையும் நவநீதன் ஒட்டினார். படித்தவர், இதற்கெல்லாம் கணக்குத் தெரிந்தவர். அவரும் ஒட்டி முடித்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கம்மா மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள்.

சாயங்காலம் லைன் வாசலில் சனங்கள் நின்றார்கள். மேகம் விலகி, கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் வேலாமணி வீட்டுத் தகரம் செருமியது. அடுத்து அங்கம்மா வீட்டுத் தகரம். பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மொத்த லைனும் ஒரே குரலில் ராஜகுமாரியாகப் பேசியது.

"இன்றைய பசுந்தேயிலை விலை," என்றது கூரை. விலை நேற்றைவிட இறங்கியிருந்தது.

"வாயத் தொறந்ததும் இதத்தான் சொல்லோணுமா?" என்றாள் வேலாமணி.

"சொல்லட்டும்டி," என்றாள் அங்கம்மா. "கேக்குதல்ல." அவள் கன்னத்தில் ஓடியதை அவள் துடைக்கவில்லை.

வேலைச் சேதிக்கு நடுவில் ராஜகுமாரி நிறுத்தினார். சேரங்கோட்டில் டீக்கடை வைத்திருக்கும் ஆறுக்குட்டி என்பவர் தொலைபேசியில் இருக்கிறார் என்றார். பிறகு அந்தக் குரலும் கூரையிலிருந்து வந்தது. நாற்பது மலைக்கு அப்பால் ஒரு மனிதர் டீ ஆற்றிக்கொண்டே பேசுவது லைனின் தகரத்தில் கேட்டது.

"கேக்குதுங்கம்மணி. நல்லாக் கேக்குது. இத்தன நாளா எங்க போயிருந்தீங்? கடைல எல்லா ஆளும் டம்ளரக் கீழ வெச்சுட்டு நிக்கறாங்க. அந்த எமரால்டு கேரட்டு வேலைய இன்னொருக்காச் சொல்லுங்."

மெட்ராஸ்காரர்கள் சொன்னபடி சித்திரையில் வந்தார்கள். வண்டியில் ரேடியோவை வைத்துக்கொண்டு சேரங்கோடு வரைக்கும் போனார்கள். குரல் வழிநெடுக, வளைவுக்கு வளைவு கூடவே போயிற்றாம். திரும்பி வந்து, வேலைச் சேதி தொடரட்டும் என்று சொல்லிவிட்டு, கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வேலிக் கதவுக்கு நடந்து வருகையில் பெரிய அதிகாரி கேட்டார்.

"செம்புக் கம்பி மொத்தமும் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேனே நவநீதன். அந்தச் செம்பெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலை சார். இங்கதான் இருக்கு."

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மாரிச்சாமி நின்றான். இருபது வருஷமாக அண்ணாந்தே நின்றவன், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா கோவிச்சுக்கப்படாது," என்றான். "பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வாங்க."

அதிகாரி நவநீதனைத் திரும்பிப் பார்த்தார். நவநீதன் செருப்பை ஏற்கெனவே கழற்றி ஓரமாக வைத்திருந்தார். லைன் பக்கமிருந்து சாயங்கால ஒலிபரப்பின் படுகப் பாட்டு தகரம் தகரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி கொஞ்சநேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.